கூடுதல் ஒரு மணி நேரம்

இன்று நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவிலிருந்து பஸ் பிடித்து, பேத்தி மீனாவோடு அவள் கல்லூரிக்குப் போனேன்.

மீனாவுக்குப் பிறவியிலிருந்தே கை நடுங்கும். பாடமெல்லாம் நன்றாகத் தெரியும், எழுதத்தான் நேரம் பிடிக்கும். போன தேர்வில் தெரிந்த இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு வந்து அழுதாள். அதனால் இந்த முறை கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறாள்.

கிளார்க் மார்க் பட்டியலைப் பார்த்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணுதானே, எதுக்கு இன்னொரு மணி நேரம்?"

பிறகு பாதுகாவலர் நிரப்ப வேண்டிய படிவத்தை என் பக்கம் தள்ளி, மை டப்பாவைத் திறந்தார். "பெயர், விலாசம் நான் எழுதிக்கிறேன். நீங்க கைநாட்டு வையுங்க, தாதூ." வங்காளிகள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நானே எழுதுறேன்" என்றேன். நாலு மாதமாக முதியோர் வகுப்புக்குப் போகிறேனே, விடுவேனா?

பெயரும் விலாசமும் எழுதி முடிப்பதற்குள் அவருடைய டீ ஆறிவிட்டது. எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம், தாதூ?" என்றார் கிளார்க்.

பேனாவைக் கீழே வைத்தேன். "எழுபது வருஷமா என் பெயர் எனக்கு நல்லாத் தெரியும், தம்பி. எழுத எவ்வளவு நேரமாச்சு, பார்த்தீங்களா?"

அவர் மீனாவின் கையைப் பார்த்தார். அனுமதி என்று எழுதி சீல் குத்தினார்.

வெளியே வந்ததும் மீனா, "கையெழுத்து கோணலா இருக்கு, தாத்தா" என்றாள்.

"உன்னோடது மட்டும்?" என்றேன்.

இந்தப் பதிவை எழுத எனக்கு மூன்று டீ ஆனது. பதில் போடுகிறவர்கள் அவசரப்படுத்தாதீர்கள். படிப்பதற்கும் எனக்குக் கூடுதல் நேரம் உண்டு.