அரையிறுதியில் சித்தப்பா

எங்கள் வீட்டில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. அப்பா பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர். அம்மா அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. ஆனால் அப்பாவின் தம்பி ஒரு கல்லூரியிலும், அம்மாவின் தம்பி இன்னொரு கல்லூரியிலும் படித்து முடித்திருந்தார்கள். முதலாமவர் எனக்குச் சித்தப்பா, இரண்டாமவர் மாமா. கல்லூரியை விட்டு வெளியே வந்து சில வருடங்கள் ஆகியும் என்னுடைய கல்லூரி, உன்னுடைய கல்லூரி என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். மற்றபடி இருவரும் உயிர் நண்பர்கள். ஒருவர் சட்டையை மற்றவர் போட்டுக்கொண்டு போவார்.

கோடை விடுமுறையில் ராயபுரத்தில் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். ஆடுகிறவர்கள் எல்லாம் பல கல்லூரிகளின் பழைய மாணவர்கள். உத்தியோகம் பார்த்து, சிலர் தொப்பையும் போட்டுவிட்டவர்கள். ஒருமுறை தோற்றால் அதோடு சரி, மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனாலோ என்னவோ ஆட்டத்தைப் பார்க்கக் கூடும் கூட்டத்துக்கு ஒரு வெறி இருந்தது. டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வண்ணாரப்பேட்டையிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும்கூட ஆட்கள் வந்து சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். துறைமுகத்துக் கரித்தூள் காற்றில் வந்து எல்லோர் கழுத்திலும் படியும்.

மாமா கல்லூரியில் படித்த வருடங்களில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அணியில் பெயர் இருந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. படிப்பை முடித்த பிறகுதான் அவருக்குக் கை வந்தது. அந்த வருடம் பழைய மாணவர் அணிக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள். அம்மா அவருடைய வெள்ளைப் பனியனைச் சிவப்புச் சாயத்தில் முக்கினாள். சாயம் முழுதாக ஏறவில்லை, ரோஜா நிறத்தில் நின்றுவிட்டது. மாமா அதையே பெருமையாகப் போட்டுக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். இரண்டாவதிலும் ஜெயித்தார்கள். சித்தப்பாவின் அணியும் அப்படியே ஜெயித்துக்கொண்டு வந்தது. அரையிறுதியில் இரண்டு அணிகளும் மோத வேண்டும் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அம்மா தம்பிக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அப்பா யாருக்காகவும் நேர்ந்துகொள்ளவில்லை. இரண்டு பக்கமும் பொல்லாப்பு வேண்டாம் என்று பார்த்தார்.

ஆட்டத்துக்கு முந்திய நாள் மாலை சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் பேசாமல் நேரே பின்பக்கம் போனார். குழாயடியில் மாமா முகம் கழுவிக்கொண்டிருந்தார். உலர்ந்த துணிகளை எடுக்க நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். கொடியில் தொங்கிய புடவைக்குப் பின்னால் நான் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"நாளிக்கு நீ எறங்காத மச்சான்" என்றார் சித்தப்பா.

"இன்னா, பயந்துட்டியா?"

"சொன்னா கேளு. வோணாம். வேற ஆள எறக்கு."

"போடா. நாளிக்கு உன் டீமு வூட்டுக்குப் போவப் போவுது, அத்த நெனச்சி அழுவு."

மாமா சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. நான் துணிகளை அப்படியே விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். சித்தப்பா மாமாவை ஆடக் கூடாது என்று மிரட்டுகிறார் என்றேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தோத்துருவோம்னு தெரிஞ்சிகினு வந்து கெஞ்சிகினு கீறான். என் தம்பி எறங்கத்தான் போறான்" என்றாள். சித்தப்பா போகும்போது வழக்கம்போல் என் தலையைத் தட்ட வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் வெயில் தாழ்வதற்கு முன்பே மைதானம் நிறைந்துவிட்டது. சுண்ணாம்புக் கோடுகளுக்குள் இரண்டு அணிகளும் இறங்கின. புள்ளிகளை எழுதப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்றை வெளியே கொண்டுவந்து நாற்காலிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அம்மாவும் நானும் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா யார் பக்கமும் உட்காராமல் கூடைக்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது. அதற்காகத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே இழுபறி. ஒரு பக்கம் கூடை விழுந்தால் மறுநிமிடம் அடுத்த பக்கம் விழும். கரும்பலகைக்காரர் அழித்து எழுதி அழித்து எழுதி முகமெல்லாம் சாக்பீஸ் தூளாக நின்றார். மாமாவை மறிப்பதற்குச் சித்தப்பாவைத்தான் போட்டிருந்தார்கள். பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சித்தப்பா மாமாவை விட்டு விலகவில்லை. பந்தைப் பார்க்காமல் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினார். "பந்தப் பாருடா! அவன் மூஞ்சியில இன்னா கீது?" என்று அவருடைய ஆட்களே கத்தினார்கள்.

இடைவேளையில் மாமா தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றிக்கொண்டார். வாய் திறந்திருந்தது. அம்மா எலுமிச்சை ரசம் கொடுத்தனுப்பினாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். வெயிலில் எல்லோருக்கும்தான் மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

கடைசி நிமிடங்களில் எங்கள் பக்கம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கூட்டம் எழுந்துவிட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. அப்போது மாமாவின் கைக்குப் பந்து வந்தது. எதிரே யாரும் இல்லை. தட்டிக்கொண்டு ஓடினார். இன்னும் ஒரு கூடை விழுந்தால் ஆட்டம் எங்களுடையது. பாதி தூரத்தில் அவர் ஓட்டம் கோணலானது, குடித்தவர் மாதிரி. அப்படியும் நிற்கவில்லை.

பக்கவாட்டிலிருந்து சித்தப்பா வந்தார். பந்துக்குக் கையை நீட்டவே இல்லை. தோளைக் கொடுத்து, முழு உடம்போடு மோதினார். மாமா கால் மடங்கி விழுந்தார். அந்தச் சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது.

நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து சித்தப்பாவை வெளியே போகச் சொன்னார். சுவர்மேல் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே குதித்தார்கள். "இன்னாய்யா கலீஜ் ஆட்டம் இது!" என்று ஒருவர் செருப்பைக் கழற்றி வீசினார். அது சித்தப்பாவின் முதுகில் பட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"உன்ன என் கூடப் பொறந்தவனாட்டம் நெனச்சேனே. உனுக்கு எத்தினி நாளு சோறு போட்டேன்! இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத!"

"சரி அண்ணி" என்றார் சித்தப்பா. "மொதல்ல இவன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்."

கணுக்கால் வீங்கியிருந்தது. தண்டையார்பேட்டையில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் இருக்கிறார், அங்கே போகலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். சித்தப்பா கேட்கவில்லை. ஆஸ்பத்திரிதான், ஆஸ்பத்திரிதான் என்று பைத்தியக்காரர் மாதிரி கத்தினார். தானே வெளியே ஓடி ஒரு குதிரைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா அப்போதுதான் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வந்து மாமாவின் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினார்.

மாமா இல்லாமல் ஆட்டம் தொடர்ந்தது. தவறுக்காகக் கிடைத்த எறிகளை எங்கள் பக்கத்தில் இன்னொருவர் எறிந்தார். ஒன்றும் விழவில்லை. சித்தப்பாவின் அணி கடைசியில் ஒரு கூடை போட்டு ஜெயித்துவிட்டது. ஜெயித்த பிறகும் அவருடைய ஆட்களே அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இறுதி ஆட்டத்துக்கு அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சில நாட்கள் கழித்து அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாமாவின் காலில் மாவுக்கட்டு போட்டிருந்தது. டாக்டர் வந்தார். காலைத் தொடவே இல்லை. குழாயை எடுத்து மாமாவின் நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், திரும்ப நெஞ்சில் வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கால் உடைந்தவருக்கு நெஞ்சைப் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் மாமாவின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் சித்தப்பா நின்றிருந்தார். தினமும் வந்து அங்கேயே நின்றுவிட்டுப் போவாராம், உள்ளே வருவதில்லையாம். அம்மா வேகமாக அவரை நோக்கி நடந்தாள். நல்ல சண்டை இருக்கிறது என்று நானும் வேகமாக நடந்தேன்.

அம்மா சண்டை போடவில்லை. அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். "எங்கைல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியம் வாங்கிக்கினான் அண்ணி" என்றார் சித்தப்பா.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் மாமா இதை என்னிடம் விவரமாகச் சொன்னார். அதற்குள் அவர் மாடிப்படி ஏறுவதைக்கூட விட்டிருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இதயத்தைக் கெடுத்துவைத்திருந்தது. அது யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஆட்டம் முடிந்து வகுப்பறைக்குப் பின்னால் அவர் மயங்கி விழுந்ததைச் சித்தப்பா மட்டும்தான் பார்த்தார். டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். இனி ஓடினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதை இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். "பெஞ்சிலயே குந்திகினு இருந்தவனுக்கு இன்னும் ரெண்டே ஆட்டம். அத்த வுட முடியல" என்றார் மாமா. "கடசியா ஓடறப்ப எனுக்குக் கண்ணு தெரியல. கூட எந்தப் பக்கம்னே தெரியல. அவன் இடிக்கலன்னா நானா நின்னிருக்க மாட்டேன்."

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மூவரும் டிராமில் வீட்டுக்குத் திரும்பினோம். சித்தப்பாவையும் சாப்பிட வரச்சொல்லி அம்மா வற்புறுத்தி அழைத்திருந்தாள். அவருக்குப் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னாள். நான் எழுந்து எதிர்ப்பலகைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா கண்ணைத் துடைப்பதும், அவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்வதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அம்மாவும் ஜெயித்தவர்கள் பக்கம் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.