மேட்டு வீட்டின் தண்ணீர் பில்

1. கதிரையில் உட்காராதவர்

சித்தி ரஹீமா என்பவர் எங்கள் அலுவலகத்துக்கு மூன்றாவது தடவையாக வந்த அன்று உட்கார மறுத்துவிட்டார். கதிரையைக் காட்டினேன்.

"இருந்தா நேரம் போகும் சேர். ஒரு பதில் தந்தீங்கண்டா போயிடுவேன்."

அவர் கையில் இருந்த கடிதம் எங்கள் அலுவலகத்திலிருந்து போனதுதான். அவருடைய வீட்டு மீற்றரைக் கழற்றிச் சோதித்ததாகவும், அது சரியாக இயங்குவதாகவும், ஆகவே கூடிவந்த தண்ணீர் பில்லில் மாற்றம் செய்ய இயலாது என்றும் அதில் எழுதியிருந்தது.

"மீற்றர் சரிதானா?"

"சோதனையில சரின்னுதான் வந்திருக்கு."

"அப்ப தண்ணி ஓடித்தான் ஈக்கி?"

"மீற்றர் அப்பிடித்தான் சொல்லுது."

"நல்லம். நானும் மகளும் அவ்வளவு தண்ணி புழங்குறல்ல. அப்ப அது கீழ் வீட்டுக்காரிட வேலதான். மாசக் கடைசில அவள வீட்ட விட்டு எழுப்பிடுறேன். இவ்வளவு நாளும் ஒங்கள ஏசினத்துக்கு மாப்பு தாங்க."

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மாதக்கணக்காக எங்களோடு சண்டை பிடித்தவர், ஒரு நிமிடத்தில் சமாதானமாகிவிட்டார். சண்டை முடிந்துவிடவில்லை, கீழ் வீட்டுக்கு இடம் மாறியிருந்தது.

கண்டிக்கு அடுத்துள்ள ஒரு சிறிய நகர சபையின் நீர்ப் பிரிவில் முறைப்பாடுகளைக் கவனிப்பது என் வேலையாக இருந்தது. ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். அதற்கு முன் சில வருடங்கள் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். அங்கே ஆசிரியர் பீடத்தில் ஒருவர் அடிக்கடி கேட்பார்: "இதுல மற்ற ஆள் என்ன சொல்றார்?" மற்ற ஆளிடம் பேசாமல் செய்தியைக் கொண்டுபோனால் அது அப்படியே மேசைக்குத் திரும்பி வரும். ரஹீமாவின் விடயத்தில் மற்ற ஆள் கீழ் வீட்டுக்காரி. அவரை எங்கள் அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

2. கீழ் வீடு

வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. பிரதான வீதியிலிருந்து ஒரு கொங்கிரீட் ஒழுங்கை வளைந்து வளைந்து ஏறி, அந்த வீட்டின் கேற்றோடு முடிந்தது. மேல் தட்டில் ரஹீமாவும் மகளும். கீழே இரண்டு அறைகளில் வாடகைக்குச் செல்வராணியும் கணவரும். கேற்றடியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீற்றர்.

செல்வராணியின் சொந்த இடம் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. கணவர் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. செல்வராணி இடியப்பம் அவித்து டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போனபோது இடியப்பத் தட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. தண்ணி ஆபீஸா? திருடிய பாக்க வந்தீங்களா?"

"மீற்றரைப் பாக்க வந்தேன்."

"மீற்றர் நல்லவர்னுதான் நீங்களே கடுதாசி குடுத்துட்டீங்களே. அப்பறம் நான்தானே மிச்சம்."

தண்ணீரை எப்படிப் பாவிக்கிறார் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். அந்த மேட்டுக்கு விடியப்பக்கம்தான் தண்ணீர் திறந்துவிடுவார்கள். காலை ஏறும்போது நின்றுவிடும். அதற்குள் இரண்டு பீப்பாய் பிடித்துக்கொள்வார். மாவு குழைக்க, அவிக்க, தட்டுக் கழுவ, குளிக்க எல்லாம் அந்த இரண்டு பீப்பாய்தான். பீப்பாய்களைப் பார்த்தேன். அவர் சொன்ன கணக்கோடு மேல் வீட்டுப் பாவனையைச் சேர்த்தாலும் பில்லில் வந்த யூனிட்டில் பாதிகூட வராது.

மேலே ஜன்னலைத் திறந்து ரஹீமா எட்டிப் பார்த்தார்.

"சேர், இடியப்பத்துக்குத் தண்ணி போகாதா? கேளுங்க. கடைக்கு அவிக்கிறவ."

"இடியப்பத்துக்கு மாவுதாங்கா நெறைய போகும்," என்றார் செல்வராணி நிமிராமல். "தண்ணிய அவிச்சு யாருக்கு விக்கிறது?"

ரஹீமா ஜன்னலைச் சாத்தவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

நிலக்குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்க்க, தண்ணீர் நின்ற பிறகும் மீற்றரைக் கவனித்தேன். முள் அசையவில்லை. எங்கள் மீற்றர் வாசிப்பாளர் பண்டாரவிடம், அடுத்த நாள் தண்ணீர் வந்த பிறகு போய், எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை. கசிவு கிடையாது. மீற்றர் சரி. பாவனை குறைவு. ஆனால் யூனிட் மட்டும் ஏறியிருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில்தான் எனக்கு இதில் ருசி பிடித்தது. மாதக் கடைசிக்கு அதிக நாள் இருக்கவில்லை. செல்வராணி ஏற்கெனவே வேறு அறை தேடத் தொடங்கியிருந்தார். இடியப்பம் அவிக்கிறவர் என்றால் புகை, தண்ணீர், விடிய எழும்பும் சத்தம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டதாகச் சொன்னார்.

3. தண்ணீருக்கு முன்னால்

தண்ணீர் வந்த பிறகு பார்த்தோம், நின்ற பிறகு பார்த்தோம். வருகிற நேரத்தில் பார்க்கவில்லை. பண்டாரவும் நானும் ஒரு நாள் விடியுமுன் அந்த மேட்டுக்குப் போனோம். இன்று எதையும் மாற்ற வேண்டாம், வழக்கமாகச் செய்வதையே செய்யுங்கள் என்று இரண்டு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன்.

பண்டார சிங்களவர். தோட்டப் பகுதிகளில் வேலை செய்து தமிழ் பழகியவர். மீற்றர் பெட்டியின் மூடியைத் தூக்கி ரோர்ச் வெளிச்சம் அடித்தார்.

"ஐயா, இது என்ன வேலை? ஓடுது."

சிறிய சிவப்புச் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஓடும்போது அது அப்படிச் சுழல்வதை நான் கண்டதில்லை.

"தண்ணி வந்திருச்சா?" என்று கீழ் வீட்டுப் பக்கம் கேட்டேன்.

"இன்னும் இல்லிங்க. பைப்பு இருமுது," என்றார் செல்வராணி உள்ளேயிருந்து.

போய்ப் பார்த்தேன். குழாய் முழுதாகத் திறந்திருந்தது. அதன் கீழே ஒரு அலுமினியத் தட்டம். குழாயிலிருந்து ஹூ என்று காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேல் வீட்டிலிருந்தும் அதே சத்தம். ரஹீமாவும் திறந்து வைத்திருந்தார். கைத்தொலைபேசியில் மீற்றரையும் இரண்டு குழாய்களையும் மாறி மாறி வீடியோ எடுத்தேன். வெகு நேரம் கழித்து, தட்டத்தில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தோடு மீற்றரின் வேகம் குறைந்து, சாதாரணமாக ஓடத் தொடங்கியது.

பண்டார பெட்டியை மூடினார்.

"மீற்றர் நல்லதுதான். சுத்தவிட்டா சுத்தும். என்ன வருது என்று அது மணந்து பாக்காது."

4. எஞ்சினியரின் மேசை

எங்கள் எஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். வீடியோவை ஒருதரம் பார்த்துவிட்டு, திரும்பவும் பார்த்தார்.

"மீற்றர் காத்தையும் எண்ணும். அது தெரிஞ்ச விசயம். ஆனா இவ்வளவு எண்ணாது. ஒரு வீட்டுப் பைப்புக்குள்ள அவ்வளவு காத்து எங்கால?"

"எங்கால சேர்?"

"அப்ப அது அவவின்ர காத்து இல்லை. லைன் முழுக்க உள்ள காத்து." ஒரு தாளில் மேட்டை வரைந்து காட்டினார். தண்ணீர் நின்றதும் மேட்டுக் குழாய் கீழ்நோக்கி வடிந்து வெறுமையாகிறது. பழைய மூட்டுகள் வழியாகக் காற்று உள்ளே வந்து நிரம்புகிறது. மறுநாள் தண்ணீர் ஏறும்போது அந்தக் காற்று முழுவதையும் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. உச்சியில் திறந்த குழாய் எது இருக்கிறதோ அதன் வழியாக வெளியேறுகிறது. "அந்த ஒழுங்கை முழுக்க மூச்சு விடுறது அவவின்ர மீற்றருக்குள்ளால."

"குழாயைப் பூட்டி வைக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லும். அவவுக்குப் பில் குறையும். பிறகு காத்து அடுத்த உயரமான வீட்டுக்குப் போகும். அந்த மனிசன் உம்மட மேசைக்கு வருவார்."

"அப்ப பில்லைத் திருத்தலாமா?"

"காத்துக்குக் காசு எடுத்தம் எண்டு நான் கையெழுத்து வைக்கேலாது. ஏன் வருகுதெண்டு கண்டுபிடிச்சா வைக்கலாம். அந்த லைன் போட்டுக் கனகாலம். இவ்வளவு நாளும் வராத காத்து இப்ப ஏன் வருகுது? அதைக் கேட்டுக்கொண்டு வாரும்."

5. பாம்பு மூடி

நான் தொழில்நுட்பம் படித்தவன் அல்ல. அதனால் எனக்குத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்டேன். இரண்டு பெண்களையும் கேற்றடியில் வைத்து, ஏன் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கிறீர்கள் என்றேன்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். குழாயைத் திறந்து, கீழே ஒரு தட்டமோ பேசினோ வைத்துவிட்டுப் படுப்பார்கள். தண்ணீர் விழும் சத்தம் எழுப்பிவிடும். இல்லாவிட்டால் தூங்கிப்போய், அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

"எத்தனை வருசமா இப்படி?"

"வருசமா? இல்லயே," என்றார் ரஹீமா. "இப்ப கொஞ்ச நாளாத்தான்."

"அதுக்கு முதல் தண்ணி வாறது எப்படித் தெரியும்?"

"பாம்பு மூடி சீறும்தானே."

"என்ன மூடி?"

கேற்றுக்குச் சற்றுக் கீழே, ஒழுங்கையின் ஓரத்தைக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு இரும்பு மூடி இருந்ததாம். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதற்குள்ளிருந்து ஸ்ஸ் என்று பெரிய சத்தம் வருமாம். முழு ஒழுங்கையும் அதைக் கேட்டுத்தான் எழும்பியிருக்கிறது. "சுபஹுத் தொழுகைக்கு எழும்புறதும் அதோடதான். பாங்குக்கு முந்தி பாம்பு சீறும்."

"இப்ப எங்கே அது?"

"ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டாங்களே. அதோட அது புதைஞ்சு மௌத்து."

அது ஏயார் வால்வ். லைனில் வரும் காற்றை வெளியே விடுவதற்காகவே உச்சியில் வைக்கப்படுவது. ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டவர்கள் மூடியை உயர்த்தி வைக்காமல், அதற்கு மேலாகவே போட்டு மட்டப்படுத்திவிட்டார்கள். காற்றுக்கு வழி போனது. சனங்களுக்கு மணியடித்த சத்தமும் போனது. சத்தம் போனதால் குழாய்களைத் திறந்து வைத்தார்கள். காற்று அந்த வழியைப் பிடித்துக்கொண்டது.

ரஹீமா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆனா சேர், பில் கூடினது இவ வந்த மாசத்துலதான். அதுக்கு என்ன செல்றீங்க?"

நான் பதில் சொல்லுமுன் செல்வராணி சொன்னார்.

"ரோடு போட்டதாலதாங்கா நான் வந்தேன். அதுக்கு முந்தி இங்க திரீவீல் ஏறுமா? இடியப்பப் பெட்டிய தலையில வச்சுக்கிட்டா டவுனுக்கு எறங்குறது? ரோட்ட பாத்துட்டுத்தான் ஒங்க வீட்ட கேட்டேன்."

ரஹீமா ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு செல்வராணியைப் பார்த்தார்.

6. கையெழுத்து

கொங்கிரீட்டை உடைத்தார்கள். ரஹீமா காட்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மூடி கிடைத்தது. வால்வுக்குள் சீமெந்துப் பால் இறங்கி இறுகியிருந்ததால் புதியது ஒன்றைப் பூட்டினார்கள். அடுத்த நாள் விடியுமுன் நானும் பண்டாரவும் கேற்றடியில் நின்றோம். இருட்டில் அது சீறியபோது பண்டார ஓரடி பின்னால் போனார். ஒழுங்கை நெடுகிலும் ஒவ்வொரு வீடாக விளக்குகள் எரிந்தன. மீற்றரின் சிவப்புச் சக்கரம் அசையாமல் இருந்து, தண்ணீர் வந்த பிறகுதான் நகர்ந்தது.

எஞ்சினியர் கையெழுத்து வைத்தார். கூடிய மாதங்களின் பில் பழைய சராசரிக்குத் திருத்தப்பட்டது. காரணம் என்ற இடத்தில் "லைன் குறைபாடு" என்று எழுதினார். காற்று என்ற சொல் எங்கும் இல்லை.

அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரஹீமா வாசித்துவிட்டு, படியிறங்கிக் கீழ் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே இரண்டு பெட்டிகள் கட்டியபடி இருந்தன.

"பெட்டிய அவிழுங்க புள்ள. இனி நீங்க வீட்ட விட்டு எழும்பத் தேவல்ல."

செல்வராணி மாவு உருண்டையை இடியப்ப உரலில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

"கோவமா?"

"கோவம் இல்லக்கா. இருக்கிறேன். ஆனா எனக்குன்னு தனியா ஒரு மீற்றர் போட்டுக் குடுங்க. நாளைக்கு காத்து வந்தாலும், எங்க காத்து எதுன்னு தெரியணும்ல."

ரஹீமா என் பக்கம் திரும்பினார்.

"சேர், ரெண்டாவது மீற்றருக்கு எங்க எழுதிக் குடுக்கிற?"

என்னிடம்தான் என்றேன். அவர் அன்றைக்கு, முதல் தடவையாக, செல்வராணியின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார்.

அதற்குப் பிறகு யாராவது கூடிய பில்லோடு வந்தால், மீற்றரைக் கழற்ற எழுதுவதற்கு முன் உங்கள் பாதையில் அண்மையில் என்ன மாறியது என்று கேட்பேன். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் கேட்பேன். இப்போது அந்த மேசையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மீற்றர் சரி என்று எழுதினால் அத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த வசனத்தில் பொய் இல்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போகிறவர் அடுத்த வசனத்தைத் தானே எழுதிக்கொள்வார். அதில் யாராவது ஒருவருடைய பெயர் இருக்கும். பெரும்பாலும் அது அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் பெயர்.