உள்ளிருந்து ஒரு தட்டு

வெளியிலிருந்து மூன்று தட்டு கேட்டால் ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். பதிலுக்கு உள்ளிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டால், பொறு, இப்போது திறக்க முடியாது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாடியில் ஆண்கள் கூடும் நாட்களில் கீழே சமையலறையில் நின்ற பெண்கள் எங்களுக்குக் காதுதான் வாத்தியார். அந்த ஒற்றைத் தட்டு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ரயில்வே கேட் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதி, மூடிய கேட்டுக்குப் பக்கத்தில் கொடியோடு நின்றே போயிற்று. லாரிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவான். கார்க்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டான். "சிக்னல் வரல, பொறுங்க" என்பதைத் தவிர இவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. அந்த கேட்டில் தினமும் காத்து நின்று பேச்சுப் பழக்கமானவர்தான் அச்சகக்காரர். அவர்தான் இவரை ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர்த்துவிட்டார்.

"லாட்ஜுக்குப் போறார்" என்று சொன்னதும் என் தங்கை பதறிப்போனாள். "ஐயோ அக்கா, இந்த வயசுலயா?" ரூம் எடுத்துத் தங்குகிற லாட்ஜ் இல்லையடி, சங்கம் மாதிரி என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். மேசன் என்றால் கொத்தனார். அங்கேயோ செங்கல்லைக் கையால் தொட்ட ஆள் ஒருத்தர் கிடையாது. டாக்டர், மருந்துக்கடை முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார் என்று கலந்துகட்டிய கூட்டம். இடுப்பில் வெள்ளை ஏப்ரன், கையில் வெள்ளை உறை, ஒருவருக்கொருவர் சகோதரர். கூட்டம் முடியும்வரை கதவுக்கு வெளியே உருவிய வாளோடு ஒருவர் நிற்க வேண்டும். அது இவர். வாள் சுத்த மொண்ணை, வெண்ணெய்கூட வெட்டாது. "கொடி போய் வாள் வந்துச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சிரிப்பார்.

அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. புயலில் எங்கள் கூரை பறந்தபோது சொந்தக்காரர்கள் வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். இவர்கள் ஏணியோடு வந்தார்கள். டாக்டர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தகரம் தூக்கினார். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது ரத்தம் கொடுத்தவர் அச்சகக்காரர். "அண்ணி, இனி உங்களுக்கும் என்னை மாதிரி கண்ணுல பொசுக்குன்னு தண்ணி வரும், பாத்துக்குங்க" என்றார். சின்ன விஷயத்துக்கும் அழுதுவிடுகிற மனுஷன் அவர். லாட்ஜ் கதவுக்கு உள்பக்கக் காவலும் அவர்தான். வெளியே இவர், உள்ளே அவர், நடுவில் ஒரு பழைய மரக்கதவு.

பிறகு ஒரு நாள் இவர் லாட்ஜ் மாடிப்படியில் பாதியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதே படி, அதே துடைப்பு. இடது தோளை வேறு தேய்த்துவிட்டுக்கொள்வார். கேட்டால் வாயு. சாப்பிட்டாலும் வாயு, சாப்பிடாவிட்டாலும் வாயு.

"டாக்டர் கூடவேதானே இருக்கார். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சகோதரர்னு சேர்ந்துட்டு ஓசி வைத்தியம் கேக்கறதா? அசிங்கமா இருக்காது?"

மானஸ்தர்! கடைசியில் நானே டாக்டரை மடக்கிச் சொன்னேன். அவர் தன் காரிலேயே இவரை ஏற்றிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ய வைத்தார். இதயத்தில் அடைப்பு. அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். "அதுவரைக்கும் அந்த மாடிப்படி பக்கமே போகாதீங்க அண்ணே. விளையாட்டுப் பேச்சில்ல" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசல் காவலுக்கு வாத்தியாரை ஏற்பாடு செய்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆபரேஷனுக்கு முன் ஒரு கூட்டம் இருந்தது. புதிதாக ஒருவரைச் சேர்க்கிற நாள். கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மட்டும் வருகிறேன் என்று அடம்பிடித்தார். சரி, மனுஷன் வீட்டில் அடைந்து கிடந்து என்ன செய்வார் என்று அழைத்துப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மேலே நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு கதவு சாத்துகிற சத்தம். அன்றைக்கென்று அந்தக் கட்டிடமே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கையிலிருந்த கத்தி வழுக்கி விரலைக் கீறிவிட்டது. சகுனம் பார்க்கிறவள் இல்லை நான். ஆனாலும் மனசு சரியில்லை.

"ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்று டாக்டரின் மனைவி கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் மேலே தட்டு கேட்டது. முதல் தட்டு பலமாக. ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது. மூன்றாவது, நகத்தால் பிறாண்டுவதுபோல.

"வாத்தியார் யாரையோ உள்ளே விடச் சொல்றார் போல" என்றாள் அவள்.

உள்ளிருந்து ஒரு தட்டு. பொறு.

அதன்பிறகு சத்தமே இல்லை. நான் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

கூட்டம் நடக்கும்போது பெண்கள் அந்தப் படியில் கால் வைக்கிற வழக்கமில்லை. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! ஓடினேன். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நான் கதவில் அறையக் கையை ஓங்கினேன். அந்த நிலைமையிலும் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"தட்டிட்டேன்... பொறுன்னு சொல்லிட்டாங்க. நடுவுல நிறுத்தக்கூடாது."

கையை உதறிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தேன். உள்ளிருந்து மறுபடியும் ஒரு தட்டு. அடப்பாவிகளா!

"டேய், கதவைத் திறங்கடா! உள்ளே டாக்டர் இருக்கான், வெளியே மனுஷன் சாகறான்!"

கதவு திறந்தது. சாய்ந்திருந்தவர் மல்லாக்க உள்ளே விழுந்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. மெழுகுவர்த்திகள். நடுவில் கண்கட்டோடு மண்டியிட்டிருந்த ஒருவர், என்ன நடக்கிறது என்று தெரியாமல் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். சத்தியம் செய்துகொண்டிருந்தாராம், சகோதரன் ஆபத்தில் கூப்பிட்டால் ஓடி வருவேன் என்று. நல்ல சத்தியம்! டாக்டர் பாய்ந்து வந்து இவர் நெஞ்சை அமுக்கினார். வியர்வை சொட்டச் சொட்ட, மற்றவர்கள் போதும் என்று தோளைத் தொடும்வரை அமுக்கினார்.

"முதல் தட்டுக்கே திறந்திருந்தா..." என்று டாக்டர் என்னிடம் ஆரம்பித்தார். மிச்சத்தை அவர் சொல்லவே வேண்டாம்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு சாயங்காலம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. யார் என்று பார்க்கத் தேவையில்லை. தாழ்ப்பாள்வரை கை போய்விட்டது. அங்கே என்ன வந்ததோ எனக்கு, விரலை மடக்கி உள்ளிருந்து ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

வெளியே முணுமுணுப்பு அடங்கியது. யாரும் போகவும் இல்லை, மறுபடி தட்டவும் இல்லை.

வெகுநேரம் கழித்து அச்சகக்காரரின் குரல் வந்தது. "அண்ணி, அன்னைக்கு வாத்தியார் வந்து சேரல. அண்ணன்தான், 'நான் நிக்கறேன், டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னு சொன்னார். தட்டு கேட்டதும், வாத்தியார் வந்துட்டார், அண்ணன் அதைத்தான் சொல்றார்னு நெனச்சேன்..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க திறக்கறப்போ திறங்க. நாங்க நிக்கறோம்" என்றார்.

நில்லுங்கள், தலை நரைக்கும்வரை நில்லுங்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மரத்துக்கு அந்தப்பக்கம் அவர் விசும்புவது முதுகில் அதிர்ந்தது. என் கண்ணிலும் பொசுக்கென்று தண்ணீர் வந்தது. அவர் ரத்தமாயிற்றே.

எழுந்து கதவைத் திறந்தேன். நடுவில் நிறுத்த முடியாத சடங்கு எதுவும் எனக்கு இல்லை.