கரண்டிக்குப் போட்ட பிடி

“எடி எலிசா, ஊட்டி விட நான் என்ன பால்குடிப் பிள்ளையா? வை கரண்டிய கீழ!”

என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஞானசிகாமணி இப்படிக் கத்தியபோது கஞ்சி முழுக்க அவர் மடியில் கிடந்தது. விரல் மடங்காமல் அவர் கையிலிருந்து கரண்டி நழுவியிருந்தது. துடைத்துவிட்டு, கரண்டியை எடுத்து ஊட்டப் போன என்னை முழங்கையால் தள்ளினார்.

“பின்னே கோவத்தயே குடியும் ஓய்,” என்றேன். நான் என்றைக்கு விட்டுக் கொடுத்தேன்?

திருவனந்தபுரம் கரமனையில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். உளி, ரப்பர் வெட்டும் கத்தி, எதற்கும் புளியங்கட்டையில் பிடி கடைந்து தருவார், ஆளுக்கு ஆள் வேறே. வருகிறவன் கையில் நான் சப்பாத்திக்குப் பிசைந்த மாவை ஒரு உருண்டை எடுத்துக் கொடுப்பார்.

“வேலை செய்யும்போ பிடிக்கது மாதிரி பிடிச்சுக் காட்டுடே.”

விரல் பதிந்த பள்ளத்தைப் பார்த்துத்தான் கடைவார். அந்த மாவைத் திரும்ப என் பாத்திரத்திலேயே போடுவார், வெட்கமில்லாத மனுஷன்.

“கண்டவனுக்க அழுக்க நான் சுட்டுத் திங்கவா?” என்று சத்தம் போடுவேன். தனியாக மாவு வாங்கினாரா? இல்லை.

ஆசாரி சுவாமிதாஸுக்கு ஒரு விரல் கிடையாது. அவனுக்குக் கடைந்த பிடி வேறு எவன் கையிலும் நிற்காது. “எடே, ஒனக்க உளிய கள்ளன் கொண்டு போனாலும் திருப்பித் தருவான்,” என்று அவனைக் கேலி செய்வார்.

எழுபது வயதில் இவருக்கு வாதம் வந்தது. விரல்கள் வீங்கி, விறைத்துப் போயின. ஆஸ்பத்திரியில் மாத்திரைதான் கொடுத்தார்கள். இவர் தன் உளிக்குப் பிடியைத் தடியாக மாற்றினார். கொஞ்ச நாளில் இன்னும் தடியாக. பிறகு அது உலக்கை மாதிரி ஆனது.

“கைக்கு ஒண்ணும் இல்ல. பிடிதான் மெலிவு,” என்பார்.

கஞ்சி கொட்டிய அன்று கரண்டிக்குப் பிடி கடையப் போகிறேன் என்று மாவு கேட்டார். கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டையைப் பிடித்தார். கையை எடுத்தார். மாவில் ஒரு விரலும் பதியவில்லை. ஒரு பக்கம் லேசாகச் சப்பையாகியிருந்தது, அவ்வளவுதான். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பட்டறைக்குப் போய், உளியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கி, ஒரு குத்துமதிப்பில் கடைந்து கொண்டுவந்தார்.

கோணல் பிடி. அவர் கடைந்ததில் அதுதான் கேவலமானது, அதுதான் கடைசியும். அந்த மழைக்காலம் முழுக்க அதைக் கொண்டே தானாகக் குடித்தார். சட்டையில் பாதி, வாயில் பாதி. நான் கிட்டே போகக்கூடாது.

மழை விட்டதும் அந்தப் பிடியும் கையில் நிற்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“சாலைச் சந்தைக் கடையில கொழல் வச்ச கப்பு கிட்டும். உறிஞ்சிக் குடிக்கலாம். ஆரும் ஊட்டாண்டாம்.”

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. நான் சண்டை போடாமல் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். அவர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது; இருந்த காலத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் அவரிடம் நான் தோற்றேன்.

கடைக்காரப் பையன், பூனைப் படம் போட்ட கப்பை எடுத்துக் காட்டினான். “கொச்சுப் பிள்ளைக்கு எத்தர வயசு, அம்மச்சி?”

“எழுவத்தொண்ணு.”

சிரித்துக்கொண்டே எண்பத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டான்.