பதினான்கு சாயங்காலங்கள்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘காலேஜ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “காலேஜ், நாலாவது வார்டு போர்வை ரெடியா?” “காலேஜ், இந்த மூட்டையில யாரோ கண்ணாடிய விட்டுட்டாங்க பாரு.” நாற்பத்தோராவது வயதில் மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்த அன்றைக்கு வைத்த பெயர் அது. கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஆறு வருஷத்தில் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சேர்ந்த புதிதில் பெரிய மிஷின்காரர், “அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?” என்று ஒரு நாள் கேட்டார். கூடத்திலேயே மூத்தவர் அவர். ஒரே தடவையில் அறுபது விரிப்புகளை விழுங்குகிற இயந்திரம் அவர் பொறுப்பு. அவள் கையிலிருந்த விரிப்பின் இரண்டு முனைகளை அவரிடம் நீட்டி, “எனக்கு இன்னும் அம்பது ஆகலண்ணே. பிடிங்க, மடிக்கணும்,” என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பழமொழி பக்கமே போகவில்லை.

அவள் படித்தது பொது நிர்வாகம். அலுவலகங்கள் எப்படி நடக்கின்றன, விதிகளை யார் போடுகிறார்கள், பதிவேடு எதற்கு என்றெல்லாம் சொல்லித்தருகிற படிப்பு. காலை ஆறிலிருந்து இரண்டு வரை துணி மடிப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர், பாடத்தை அவள் ஒப்பிக்கும்போது எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார். கேட்டுக் கேட்டு அவருக்கும் பாதி மனப்பாடம். ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்ற பாடத்துக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கண் சொருகிவிடும்.

இருபத்தைந்து வயதைத் தாண்டிப் படிக்க வருகிறவர்களுக்கென்று அந்தக் கல்லூரியில் தனி விதிகள் இருந்தன. நல்ல விதிகள்தான், குறை சொல்லக் கூடாது. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரைக்கும் இழுத்துப் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருக்கும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஓர் அறை உண்டு. வேலையினால் வகுப்புக்கு வர முடியாமல் போனால், வேலை செய்யும் இடத்திலிருந்து பதிவேட்டின் நகலோடு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும். அந்த நாளும் வந்த நாளாகவே சேரும். இதையெல்லாம் எழுதியவர்கள் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் என்னென்ன செய்துகொள்வார்கள் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

சலவைக்கூடத்தில் ‘கைமாத்து’ என்று ஒரு பழக்கம் இருந்தது. இன்றைக்கு உனக்கு அவசரமா, உன் ஷிப்டை நான் பார்க்கிறேன். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் நீ வந்து நில். முறைப்படி ஷிப்ட் மாற்ற ஒரு படிவம் இருக்கிறது, மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது கையெழுத்து வருவதற்குள் அவசரமே தீர்ந்துபோய்விடும். அதனால் படிவத்தை யாரும் தொடுவதில்லை. ஷிப்ட் யாருடையதோ அவர் பெயருக்கு நேரே பதிவேட்டில் டிக் விழும், வேலையை வேறு ஒருவர் செய்வார். கூடத்தின் மேற்பார்வையாளர் ஒவ்வொரு நாளும் அடியில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கண்டும் காணாமல் இருப்பதும் ஒரு நிர்வாகம்தான். அவள் பாடப் புத்தகத்தில் மட்டும் அது இல்லை.

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆறாவது வருஷம் பெரிய மிஷின்காரரின் மனைவியைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒன்பது சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் அவருக்காக நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்தபோதெல்லாம் அவளுக்காக நின்றது ஐந்து சாயங்காலம். அவர்களும் சும்மா இருக்கவில்லை. இவளுடைய தேர்வுக் காலைகளில் வந்து விரிப்பு மடித்தார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

அந்த வருஷத்தின் கடைசியில், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கல்லூரியின் உதவிப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அந்த மேசையில் இருந்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இவள் அவளை ‘மேடம்’ என்பாள், அவள் இவளை ‘அம்மா’ என்பாள். இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் கூச்சம்தான்.

“வருகைப் பதிவு குறையுதும்மா,” என்றாள் அதிகாரி. “பதினாலு நாள். பயப்படாதீங்க, வேலைதானே காரணம்? பதிவேட்டு நகலோட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, முடிச்சிடலாம்.”

“அவ்வளவுதானா மேடம்?”

“அவ்வளவுதான். ஆனா பத்து நாளைக்குள்ள வேணும். உங்களுக்கு இது ஆறாவது வருஷம். இந்தத் தேர்வு எழுதலைன்னா பதிவு ரத்தாயிடும். திரும்ப முதல்லேர்ந்து சேரணும்.”

அதிகாரி பதினான்கு தேதிகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் மதியம், கூடத்தில் ஆள் குறைந்த நேரம் பார்த்து, இவள் பதிவேட்டை எடுத்துத் தேதி தேதியாகப் புரட்டினாள். முதல் தேதியில் சாயங்கால ஷிப்ட், பெரிய மிஷின்காரர். இரண்டாவதிலும் அவர்தான். மூன்றாவதில் கைக்குழந்தைக்காரி. பதினான்கு நாளும் அவள் காலை ஷிப்ட் முடித்து இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டதாகப் பதிவேடு சொன்னது. கால் கடுக்க நின்ற ஒரு சாயங்காலத்துக்குக்கூட சாட்சி இல்லை. ‘அலுவலக ஆவணங்கள்’ தாளில் எண்பத்தொன்று வாங்கியவள் அவள். பதிவேட்டில் இல்லாதது நடக்காதது என்று முழு வாக்கியமாகவே எழுதியிருந்தாள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய மிஷின்காரருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு மெமோ வாங்காத மனிதர். கைக்குழந்தைக்காரிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வராத நாளில் வந்ததாக டிக் விழுந்திருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அவளை நிறுத்திவிடுவார்கள். பதிவேட்டை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணிகளை மடிக்கப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் பாடம் ஒப்பிக்கவில்லை. வெங்காயத்தோடு வந்து உட்கார்ந்த கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன, இன்னைக்கு ஸ்கூல் லீவா?”

“தலைவலிங்க.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. சொல்லு.”

சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். எங்கேயும் மாட்டாத யானை வாலில் வந்து மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“கேட்டா எழுதித் தர்றோம்னு சொல்லிடுவாங்க. அதுக்குத்தான் கேக்கல.”

அவர் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். “அது கிடக்கட்டும். படிக்கிறத ஏன் விடணும்? எனக்காகவாவது ஒப்பி. அந்தப் பரவலாக்கத்துக்கு அப்புறம் என்ன வருதுன்னு நான் இன்னும் கேட்டதே இல்ல.” அவள் அழுதுகொண்டே ஒப்பித்தாள். அவர் கடைசி வரை கண்ணை மூடவில்லை. ஆறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த பெரிய உதவித்தொகை அதுதான் என்று நான் சொல்வேன்.

பத்து நாளில் எட்டு போயிற்று. கடிதம் வரவில்லையே என்று உதவிப் பிரிவு அதிகாரிக்குக் கவலை. இப்படி நல்ல மனசோடு கவலைப்படுகிறவர்கள்தான் சில நேரம் குட்டையைக் குழப்புவார்கள். அவளே சலவைக்கூடத்துக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்தவர் பெரிய மிஷின்காரர்.

“உங்க இடத்துல வேலை செய்ற ஒரு அம்மாவப் பத்திங்க. இந்தத் தேதியில எல்லாம் அவங்க சாயங்காலம் வேலையில இருந்தாங்களா? கடிதம் வரலைன்னா தேர்வு எழுத முடியாது. ஆறு வருஷமும் வீணாயிடும்.”

அதிகாரி தேதிகளைப் படித்தாள். இரண்டாவது தேதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. மனைவிக்கு முதல் தடவை ஊசி ஏற்றிய நாளை எந்தக் கணவனும் மறக்க மாட்டான்.

“இருந்தாங்கம்மா,” என்றார். “பதினாலு நாளும் இருந்தாங்க. கடிதம் வரும்.”

இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு நேரே இஸ்திரி உருளைப் பக்கம் வந்தார். அவள் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

அவள் நிமிரவில்லை. “உங்களுக்கு எட்டு மாசம்தாண்ணே இருக்கு.”

“அதனால? எட்டு மாசமும் உன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

கோபமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கைக்குழந்தைக்காரியையும் கூப்பிட்டு, இவள் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வர, மூன்று பேருமாக மேற்பார்வையாளர் அறைக்குப் போனார்கள்.

மேற்பார்வையாளர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பேனாவால் மேசையைத் தட்டினார். கைக்குழந்தைக்காரியிடம் திரும்பி, “உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. அந்த நாள்ல நான் வரலன்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு உன்னைக் கேள்வி கேப்பாங்க. யோசிச்சுக்கோ,” என்றார்.

“எம் பொண்ணு மூச்சு விட முடியாமக் கெடந்தப்ப இவங்க யோசிக்கல சார்,” என்று சொல்லிவிட்டு அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

மேற்பார்வையாளர் பேனாவைக் கொடுக்கவில்லை. 

“நீ எதுவும் எழுத வேண்டாம். அண்ணனும் வேண்டாம். பதினாலு நாளும் கையெழுத்துப் போட்டது யாரு? நான். யாரு வந்தா, யாரு வரலன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போட்டேன். அப்ப நான்தான அனுமதி குடுத்திருக்கேன்.”

அவர் எழுதிய கடிதம் ஐந்து வரிதான். பதினான்கு தேதிகளிலும் மாலை வேளையில் இவர் இந்தக் கூடத்தில் வேலையில் இருந்தார். சக ஊழியர்களின் வீட்டு நெருக்கடிக்காக, என் வாய்மொழி அனுமதியின் பேரில் அவர்கள் வேலையைச் செய்தார். படிவம் நிரப்பாததும் பதிவேட்டைத் திருத்தாததும் என் தவறு. நகல் ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்கும் அவரே அனுப்பிவைத்தார். பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்பதைவிட அது மேல் என்றார்.

உதவிப் பிரிவு அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். “இவரு எழுதின மாதிரி ஒரு கடிதம் இந்த மேசைக்கு வந்ததே இல்லம்மா,” என்று எழுந்து கல்லூரி முதல்வர் அறைக்குள் போனாள். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே பெஞ்சில் அவளும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்தே பழக்கப்பட்டவர் அவர். அன்றைக்கு அவருக்கும் பேச்சு வரவில்லை.

அதிகாரி திரும்பி வந்தபோது கையில் ஹால் டிக்கெட் இருந்தது.

“விதியில இதுக்கு இடம் இல்லம்மா. ஆனா இதப் படிச்சிட்டு முடியாதுன்னு சொல்ல முதல்வருக்கு மனசு வரல. அடுத்த வருஷத்துலேர்ந்து விதியில இதையும் சேக்கணும்னு சொல்லிட்டாரு. என்னையே எழுதச் சொல்லியிருக்காரு.”

அவள் கும்பிடப் போனாள். அதிகாரி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே மேற்பார்வையாளர் பெயருக்கு மெமோ வந்தது. பதிவேட்டை முறையாகப் பராமரிக்காததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். மதிய இடைவேளையில் அவர் அவளைக் கூப்பிட்டு அதை மேசைமேல் போட்டார்.

அவள் எடுத்துப் படித்தாள். “என்னாலதான் சார் எல்லாம்.”

“ஒப்பாரி அப்புறம் வெக்கலாம். பதில் எழுதணும், எனக்கு இதெல்லாம் வராது. நீதான பொது நிர்வாகம் படிக்கிற. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. படித்தபடி பொருள், பார்வை எல்லாம் போட்டாள். மெமோவின் எண்ணையும் நாளையும் எழுதினாள். நடந்ததை நடந்தபடியே எழுதி, ஷிப்ட் மாற்றத்துக்கு மூன்று கையெழுத்துக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று பணிவாக ஒரு பத்தி சேர்த்தாள். அவர் எட்டிப் பார்த்து உம் கொட்டினார்.

“பதினாலு நாள்ல ஒரு வார்டுக்குக்கூட விரிப்பு இல்லாமப் போகல. அத எழுது.”

எழுதினாள்.

“அனுமதி குடுத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. அதையும் எழுது.”

“அப்படி எழுதினா கோவப்படுவாங்க சார்.”

“படட்டும். இன்னொண்ணும் போடு. இந்தம்மா இந்தத் தேர்வுல பாஸ் பண்ணிடுவாங்கன்னு போடு.”

அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். “அத எப்படி சார் எழுதறது? நான் இன்னும் பரீட்சையே எழுதலையே.”

“நீ எழுது,” என்றார் அவர். “கையெழுத்து நான்தான போடப் போறேன்.”

அவள் எழுதினாள். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.