ஓசூருக்குப் போன தங்கச்சி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம். நடுவர் — சாட்சாத் நான்தான். தலைப்பு? 'சினிமாவால் நமக்கு நன்மையா, தீமையா?' வேறென்ன இருக்கப் போகிறது!

'தீமையே' என்று தீர்ப்புச் சொன்னேன். பேச்சு கெட்டது, உடை கெட்டது, நேரம் கெட்டது... வழக்கமான பட்டியல்தான். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வெளியே வந்து பார்த்தால் ஐந்து மணி பஸ்ஸைக் காணோம்.

அரை மணி நேரம் நின்ற பிறகு, ஹெச்.எம். பரிதாபப்பட்டு ரோட்டில் வந்த ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தினார். பட்டாசுக் கம்பெனி வேன். வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு சிவகாசி வழியாக ஆமத்தூர் வரை போகிறதாம். ஆமத்தூரில் இறங்கினால் விருதுநகருக்கு பஸ் பிடித்துவிடலாம்.

"ஏறுங்க டீச்சர், எடம் கெடக்கு" என்றார் டிரைவர் பாண்டி.

நான் டீச்சர் இல்லை. ஆனால் பொன்னாடையோடு ரோட்டில் நிற்கிற பெண்ணை அவரும்தான் வேறு எப்படிக் கூப்பிடுவார்?

இடமாவது, கிடப்பதாவது! உள்ளே இருபது பெண்கள். கழுவியும் போகாத அலுமினியப் பவுடர் அவர்கள் முழங்கை வரை வெள்ளியாக மின்னியது. பேச்சியம்மாள் என்று ஒரு பெரிய உடம்புக்காரி — அப்புறம்தான் பெயர் தெரிந்தது — நகர்ந்து உட்கார்ந்து, "இங்கன வாங்க" என்று ஒரு சாண் இடம் கொடுத்தார். உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப நன்றிங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்ஸ்! பெறகு பேசுவோம். இண்டர்வெல்லு வரப்போகுது."

இண்டர்வெல்லா? வேனில் டிவி எதுவும் இல்லையே?

அப்போதுதான் முன்னால் பார்த்தேன். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் சாக்கை விரித்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. பெயர் முத்துமாரி.

"இப்ப மேலருந்து காட்டுறான். அம்புட்டு வயலும் தெரியுது. நடுவுல ஒத்தையா ஒரு கார் வருது. யாரு கார்னு தெரியல. மீசிக் மட்டும்... டும்... டும்... டும்... கார் நிக்கிது. கதவு தெறக்குது. மொதல்ல செருப்பு. பெறகு வேட்டிக் கரை. பெறகு கை... கையில மோதிரம். அந்த மோதிரம்! திங்கக்கெழம காலையில சொன்னேன்ல?"

"அய்யய்யோ, அப்ப அவந்தானா!" என்று பின் சீட்டிலிருந்து அலறல்.

"இடைவேளை!" என்றார் முத்துமாரி. ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

வேன் மூச்சு விட்டது. நானும்தான்.

பேச்சியம்மாள் விளக்கினார். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரவும் கூடாது. ஆக, எல்லாரும் ஒன்றாக இருப்பது இந்த வேனில் மட்டும்தான். முத்துமாரி ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் ஒரு படம் பார்ப்பார். திங்கள் காலையிலிருந்து அதைச் சொல்வார். போகும்போது ஒரு பாகம், வரும்போது ஒரு பாகம். சனிக்கிழமை சாயங்காலம் கிளைமாக்ஸ். பல வருஷமாக இப்படித்தான்.

எனக்கு இன்னொன்றும் உறைத்தது. இந்தப் படம் — எனக்குத் தெரிந்த படம்! தெலுங்கிலிருந்து டப் ஆகி வந்தது. இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் நான் கிழித்துத் தொங்கவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? 'என் இரண்டரை மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?' என்றுகூடக் கேட்டிருந்தேன். அந்தப் படம்தான்.

அதைத்தான் இப்போது சீட்டு நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்!

டப்பிங் படத்தில் அந்த ஹீரோ, உதடு ஒன்று பேச குரல் ஒன்று பேச, 'உன்னை நான் உயிருக்கு உயிராகக் காதலிக்கிறேன்' என்பான். எந்த ஊரில் எந்த ஆண்பிள்ளை அப்படிப் பேசுகிறான்? முத்துமாரியின் ஹீரோ பேசியது வேறு: "ஏ புள்ள, ரெண்டு நாளா சோறு எறங்க மாட்டேங்கிது. எங்க அம்மா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறேங்கிறா. நீ வந்து அவகிட்ட உண்மையச் சொல்லு." வேன் முழுக்க ஒரே வெட்கம். சத்தியமாகச் சொல்கிறேன் — அந்த ஹீரோ மேல் எனக்கு முதன்முறையாக ஒரு பிரியம் வந்தது.

உடையை விவரிப்பார் பாருங்கள்! கதாநாயகி கட்டியிருந்த சேலைக்கு என்ன கரை, ஜாக்கெட் கை எங்கே முடிகிறது, முதுகில் கயிறு எத்தனை முடிச்சு... என் முன்னால் இருந்த பெண் திரும்பி, தன் ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். "இது போன மாசப் படம். மாரியக்கா சொன்னத வச்சே டெய்லர் தச்சது." அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. டெய்லரும் பார்க்கவில்லை.

சிவகாசி தாண்டியது. இரண்டாம் பாதி ஆரம்பம். அடுத்து என்ன வருமென்று எனக்குத் தெரியும். ஹீரோவின் தங்கச்சி. வீட்டுக்குள் அடைத்துத் தீ வைத்துவிடுவான் வில்லன். படத்தில் கொஞ்சம் பார்க்கும்படி இருந்ததே அந்தக் காட்சிதான். இந்தப் பெண்மணி அதை எப்படிச் சொல்லப் போகிறார்?

முத்துமாரி தொண்டையைச் செருமினார்.

"இப்ப தங்கச்சி என்ன செய்றா? ஒரு பெட்டிய எடுக்குறா. துணிமணிய அடுக்குறா. அண்ணன் கால்ல விழுந்து கும்புடுறா. ஓசூரு பஸ்ல ஏறிட்டா! செல்போன் கம்பெனியில வேலை. ஆஸ்டல்ல சேந்துட்டா."

ஓசூரா? எந்த ஓசூர்?

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இல்லைங்க, அந்தத் தங்கச்சி வந்து..."

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. பேச்சியம்மாள். முகம் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடினேன்.

முத்துமாரி நிறுத்தவே இல்லை. தங்கச்சி சாகவில்லையென்றால் ஹீரோ எதற்காகப் பழிவாங்க வேண்டும்? நான் யோசிப்பதற்குள் அவர் பதில் வைத்திருந்தார். வில்லன் கண்மாய் மடையை அடைத்துவிட்டான். ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஹீரோ அரிவாளை எடுத்துவிட்டான். படத்தில் கண்மாயே கிடையாது ஐயா! ஆனால் ஒரு விரிசல் இல்லை, ஒரு ஒட்டு இல்லை. அசல் கதையைவிட இதில்தான் வில்லன் மேல் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

திருத்தங்கல் தாண்டி, உள்ளூருக்குப் பாதை பிரிகிற ஒரு விலக்கில் வேன் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். அதுவரை அவள் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. எல்லாரும் கூவியபோதும் கூவவில்லை, சிரித்தபோதும் சிரிக்கவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வேன் கிளம்பியதும் முத்துமாரி என்னைப் பார்த்தார்.

"டீச்சர் படம் பாத்துட்டீகளோ?"

"பார்த்தேன்."

"அது செல்வி. அவளும் அவ தங்கச்சி வசந்தியும் ஒண்ணாத்தான் இந்த வண்டியில வந்தாளுக. போன வருசம் தீவாளி சீசன் நேரத்துல வசந்தி வேற ஒரு யூனிட்டுக்கு மாறிப் போனா. பத்து நாளுதான் போனா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் அந்த வாக்கியத்தின் மிச்சம் எல்லாருக்கும் தெரியும்.

மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்துவிட்டு, செல்வி அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்த முதல் நாள் முத்துமாரி எதையும் யோசிக்காமல் ஒரு படத்தில் பஸ் எரிகிற காட்சியைச் சொல்லிவிட்டாராம்.

"அவ ஒண்ணும் சொல்லல டீச்சர். அந்த ஜன்னல் கம்பியப் பிடிச்சா பாருங்க ஒரு பிடி... எறங்குறப்பக் கைய விடுவிக்க முடியல. அன்னைக்கோட முடிவு பண்ணிட்டேன். எந்தப் படமா இருந்தாலும் எங்கிட்ட வந்தா தீ கெடையாது. மூணு வாரமா ஒருத்தனும் ஒரு பீடி பத்த வைக்கல."

"இத்தனை கதையையும் மாற்றி..." என்றேன். "இதெல்லாம் எப்போது யோசிக்கிறீர்கள்?"

"மருந்து அடைக்கிறப்பத்தான். கை பாட்டுக்கு வேலை செய்யும்ல?"

எண்ணிப் பாருங்கள். கதை விவாதம் என்று ஓட்டலில் ரூம் போட்டு மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். இவர், கையில் வெடிமருந்தை வைத்துக்கொண்டு, ஒருத்தி மனசு நோகக் கூடாதென்று இரண்டாம் பாதியையே புதிதாக எழுதுகிறார். இருபது பேரும் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு உண்மைக் கதை தெரியுமாம்! ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. பட்டிமன்ற நடுவர் மட்டும்தான் திறந்தார்.

ஆமத்தூரில் இறங்கும்போது கேட்டேன். "சனிக்கிழமை கிளைமாக்ஸுக்கு வரட்டுமா?"

"வாங்க. டிக்கெட்டுக் கெடையாது" என்றார் முத்துமாரி. போன் நம்பரும் தந்தார்.

சனிக்கிழமை மதியம் நான் கிளம்புவதைப் பார்த்து, பருப்பு மண்டியிலிருந்து சாப்பிட வந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்: "சிவகாசிக்கு எதுக்கு?"

"சினிமாவுக்கு."

"எந்தத் தியேட்டர்?"

"வேன்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

சிவகாசியில் வேனைப் பிடித்தேன். கிளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஹீரோவை மரத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வில்லன் அரிவாளை ஓங்குகிறான். அந்த நேரம் ஊர் எல்லையில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. இறங்குவது யார்? ஓசூரிலிருந்து தங்கச்சி! கையிலிருந்த பெட்டியாலேயே வில்லன் மண்டையில் ஒரு போடு போட்டாள் பாருங்கள்... இருபது பேரும் விசிலடித்தார்கள். பாண்டி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர். ஜன்னலோரம் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ஏதோ ஒன்று... சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு காலை டிவியைப் போட்டேன். தூக்கிவாரிப் போட்டது. 'இன்று மதியம் மூன்று மணிக்கு, தொலைக்காட்சியில் முதல் முறையாக...' அதே படம்!

ஓடிப்போய் முத்துமாரிக்குப் போன் செய்தேன்.

"நானும் பாத்துட்டேன் டீச்சர். கேபிள்காரத் தம்பியக் கூப்பிட்டு, செல்வி ஊருக்கு மட்டும் வயரப் பிடுங்குறியாடான்னு கேட்டேன். சிரிக்கிறான். இப்பத்தான் எல்லாரும் டிஷ் வச்சிருக்காகளாமே."

"செல்வியிடம் சொல்லிவிட்டால் என்ன? பார்க்காதே என்று?"

"எதுக்குன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

மூன்று மணிக்கு எங்கள் வீட்டு டிவியை அணைத்து வைத்தேன். நான் அணைத்தால் செல்வி வீட்டில் அணைந்துவிடுமா என்ன? ஆனாலும் அணைத்தேன்.

திங்கள் சாயங்காலம் மறுபடியும் சிவகாசியில் நின்றேன். இந்த முறை வீட்டில் யாரும் காரணம் கேட்கவில்லை.

வேன் ஊமையாக வந்து நின்றது. முத்துமாரி இன்ஜின் பெட்டி மேல்தான் இருந்தார், ஆனால் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. காலையிலும் கதை சொல்லவில்லையாம். யாரும் கேட்கவும் இல்லையாம். பேச்சியம்மாள் எனக்கு இடம் விட்டார்.

திருத்தங்கல் வந்தது.

"யக்கா."

மெல்லிய குரல். யாருடையது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குரலைக் கேட்டே அத்தனை நாளாகியிருந்தது.

"மாரியக்கா. நேத்து டிவில அந்தப் படம் போட்டாக. நானும் எங்க அம்மாவும் பாத்தோம்."

முத்துமாரி மெதுவாகத் திரும்பினார்.

"தப்பாப் போட்டுட்டாகக்கா" என்றாள் செல்வி. "நீங்க சொன்னதுதான் சரி."

பாண்டி கியரைக் குறைத்தார். விலக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் தங்கச்சி..." செல்வி ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அந்தத் தங்கச்சி பெறகு ஓசூருக்குத் திரும்பிப் போயிட்டாளாக்கா?"

முத்துமாரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"போனா. போகாம? கம்பெனிக்காரன் ரெண்டு நாளுதான லீவு குடுத்தான்? அண்ணன் பஸ் ஏத்தி விட்டான். முறுக்கு ஒரு டப்பா கட்டிக் குடுத்தான்."

"ஆஸ்டல்ல ஆளுக நல்லவுகளா?" — பின் சீட்டுப் பெண்.

"தங்கமான புள்ளைக. எல்லாம் நம்ம பக்கம்தான்."

செல்வி இறங்க வேண்டிய விலக்கில் வேன் நின்றது. அவள் தூக்குவாளியை எடுக்கவில்லை. பாண்டி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"அக்கா, ஓசூருல ரொம்பக் குளிருமாமே" என்றாள். "அவளுக்குக் குளிரு ஆகாது. ஒரு ஸ்வெட்டர் வாங்கச் சொல்லுங்க."

முத்துமாரி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"மொத மாசச் சம்பளத்துல வாங்கிட்டா. செவப்புக் கலரு. அவளுக்கு எடுப்பா இருக்கு."

டிவிக்காரர்கள் கவனத்துக்கு: அடுத்த முறை அந்தப் படத்தைப் போடும்போது, திருத்திப் போடுங்கள்.