பதினாலாம் ரூம் தகடு

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது. அதுவும் உச்சி வெயிலில், அத்தனை கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆலங்குளம் பக்கம் யாரைக் கேட்டாலும் செல்வலட்சுமி அன்றைக்கு பைக் ஓட்டியதைச் சொல்வார்கள். அவள் கண்டது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அந்த பைக்கை அவளும் புருஷன் புகழேந்தியும் சேர்ந்து கட்டினார்கள். பழைய ஜாவா இஞ்சின், காயலான் கடைச் சக்கரங்கள், அவனே வளைத்து வெல்டிங் வைத்த சேசிஸ். ஒரே ஆள் உட்காரும் சீட். அவன் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். அங்கே ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டில் வெறுங்கையை வைக்க வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். வைக்காவிட்டால் ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில், வீட்டு நிலையிலும் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"வீடு ஒண்ணும் வெடிச்சிராது, வாங்க" என்று அவள் கேலி செய்வாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செம்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தான். "கம்பெனில புதுசு மாத்துறாக, இது பழசு" என்று பெட்ரோல் டேங்கின் மேல் பட்டை போட்டு முடுக்கினான். அதில் கை வைத்துவிட்டு உதைத்தான். முதல் உதையிலேயே இஞ்சின் பிடித்தது. "ஊர் ரேஸ்ல நீதான் ஓட்டணும். ஒன் எடைக்குப் பறக்கும்" என்றான்.

திங்கட்கிழமை காலை அவன் மருந்து கலக்கும் பதினாலாம் ரூம் வெடித்தது. அவனை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். மேலே விழுந்து அழக்கூட அவளுக்கு ஓர் உடம்பு கிடைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடிய பழைய ரோட்டில் ரேஸ். ஜெயிக்கும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. அவன் கட்டிய வண்டி ஒரே ஒரு தடவை கோட்டைத் தாண்டிவிட வேண்டும்.

மணி பன்னிரண்டரை. டேங்க் கொதித்தது. தகட்டைத் தொட்டாள்... சில்லென்றிருந்தது.

கொடி இறங்கியது.

முதல் வளைவு தாண்டியதும் பைக்கின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. அங்கே உட்கார இடமே கிடையாது.

கந்தக வாடை வந்தது.

அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஒரு கை முன்னால் நீண்டது. நகக்கண்ணெல்லாம் வெள்ளி மருந்து. கட்டைவிரலில் வெல்டிங் சுட்ட தழும்பு... அவளுக்குத் தெரிந்த தழும்பு.

"வந்துட்டீகளா?"



கை தகட்டில் பதிந்தது. விலகியது. மறுபடியும் பதிந்தது.

அவள் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தாள்.

வெறும் தகடு...

கோட்டை அவள்தான் முதலில் தாண்டினாள். ஒரே விசில் சத்தம். அவள் டேங்கில் முகம் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். கம்பெனி போர்மேன் அய்யாதுரை சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். தகட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. மூலையில் 14 என்று வெட்டியிருந்தது.

"இது எங்கன கெடச்சது தாயி?"

"அவுகதான் எடுத்தாந்தாக அண்ணாச்சி. புதுசு மாத்துறாகன்னு..."

"புதுத் தகடு திங்கக்கிழமை வரும்னாக. வரல. ஆர்டர் நிக்கக் கூடாதுன்னு ரூமத் தொறந்துட்டாக. வாசல்ல தகடு இருந்த எடத்துல ஒம் புருசன் கைய வச்சுத் தடவுனான்... சிரிச்சிக்கிட்டே உள்ள போனான்."

தனக்காக வந்தான் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! அவன் தகடு தேடி வந்திருக்கிறான். இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறான்.

மறுநாளே தகட்டைக் கழற்றிக் கொண்டுபோய், பதினாலாம் ரூமில் மிஞ்சி நின்ற வாசல் தூணில் அதைக் கட்டினாள். அதன் பிறகு அங்கே யாரும் போவதில்லை. சுற்றிலும் கம்பி வேலி.

ஒரு மழைக்காலம் போனது. அய்யாதுரை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"தகடு பூரா பச்சைக் களிம்பு புடிச்சிருச்சு தாயி. நடுவுல மட்டும் புடிக்கல. ஒரு கை அளவுக்கு... பளபளன்னு இருக்கு."